பூச்சி மாத்திரை ஆல்பெண்டசோல் 400: எந்தப் புழுவுக்கு பாஸ், எதற்கு ஃபெயில்

மெடிக்கல் ஷாப்பில் "பூச்சி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரர் வேறு எதுவும் கேட்கமாட்டார். ஒற்றை மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டுவார். அது பெரும்பாலும் ஆல்பெண்டசோல் 400 மி.கி. ஆகத்தான் இருக்கும். ஜென்டெல், பேண்டி, நோவார்ம் என்று மேலே பெயர் மாறும். உள்ளே மருந்து ஒன்றுதான். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு மாத்திரை கிட்டத்தட்ட ஒரு டீ விலை. ஒரே வேளையில் வேலையை முடிக்கிற மருந்து இவ்வளவு மலிவாகக் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் "போட்டும் கேக்கலைங்க" என்ற புகார் இதன்மேல் ஓயாமல் வருகிறது. அந்தப் புகாரில் பெரும்பகுதி மாத்திரையின் குற்றம் இல்லை. வயிற்றில் இருப்பது எந்தப் பூச்சி என்று கேட்காமல் விற்றதும் வாங்கியதும்தான் குற்றம்.

முதலில் மாத்திரை. கொஞ்சம் பெரிது, மென்று தின்னும் வகை. பழ வாசனையும் இனிப்பும் சேர்த்திருப்பார்கள். இருந்தாலும் கடைசியில் சாக்பீஸ் தூள் மாதிரி நாக்கில் ஒட்டும். முழுதாக விழுங்கினால் மருந்து கெட்டுப்போகாது. ஆனால் சின்னப் பிள்ளைகள் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. மூன்று வயதுக்குக் கீழே என்றால் இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவது நம் வீடுகளில் சகஜம். இந்த மாத்திரையில் அந்த வேலை வேண்டவே வேண்டாம், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அழுகை அடங்கட்டும், சாயங்காலம் கொடுத்தாலும் புழு ஓடிப்போகாது.

அளவைப் பொறுத்தவரை இதைவிட எளிய மருந்து கிடையாது. இரண்டு வயது முடிந்த எல்லோருக்கும், பாட்டி உட்பட, 400 மி.கி. ஒரே வேளை. ஒன்று முடிந்து இரண்டு முடியாத குழந்தைக்குப் பாதி, அதாவது 200 மி.கி. ஒரு வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை. வெறும் வயிற்றில் போட வேண்டும், முதல் நாள் விளக்கெண்ணெய் குடிக்க வேண்டும், மறுநாள் பேதிக்கு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய மருந்துகளின் காலத்துச் சடங்கு. இதற்குத் தேவையில்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும், அவ்வளவுதான்.

இந்த மருந்து புழுவைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. புழுவின் செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுப்பதால் அதனால் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் போகிறது. பட்டினிச் சாவுக்கு நாளாகும். அதனால்தான் காலையில் மாத்திரை போட்டு மாலையில் கழிப்பறையில் உற்றுப் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம். பெரிய உருண்டைப்புழு என்றால் அடுத்த சில நாளில் முழுதாக வெளியேறலாம். சிறிய புழுக்கள் செத்து மலத்தோடு கலந்து அடையாளம் தெரியாமல் போய்விடும். வயிற்றில் புழுவே இல்லாமல் மாத்திரை போட்டவர்களும் நிறையப் பேர். "ஒண்ணும் வரலை, மாத்திரை டூப்" என்ற முடிவு அவசரமானது.

எதை எவ்வளவு கொல்லும்? ஒரு வேளை 400 மி.கி.யில் உருண்டைப்புழு நூற்றில் சுமார் 95 பேருக்கு முற்றாகப் போய்விடுகிறது. நாக்குப்பூச்சி என்று ஊரில் சொல்வது இதைத்தான், மண்புழு கனத்தில் 15 முதல் 35 செ.மீ. வரை இருக்கும். கொக்கிப்புழுவுக்கு இந்தக் கணக்கு 80 பக்கம் இறங்கும். சாட்டைப்புழுவில் மாத்திரை படுத்துவிடுகிறது: நூற்றில் 30 பேர்தான் தேறுவார்கள். மலப் பரிசோதனையில் சாட்டைப்புழு முட்டை என்று வந்திருந்தால் ஒற்றை மாத்திரையோடு நிறுத்தக்கூடாது; தினம் ஒன்றாக மூன்று நாள் போட வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, மேல் அட்டையிலும் கொட்டை எழுத்தில் இருக்காது.

கீரிப்பூச்சி: புகார் வருவது இங்கேதான்

நூல் துண்டு மாதிரி வெள்ளையாக, அரை அங்குலத்துக்கும் குறைவாக, ராத்திரி ஆனால் ஆசனவாயில் நமநமவென்று அரிக்கவிடுவது கீரிப்பூச்சி. பிள்ளை தூக்கத்தில் புரண்டுபுரண்டு படுப்பது, பெண் குழந்தைக்கு முன்பக்கமும் அரிப்பது எல்லாம் இதன் வேலை. ஆல்பெண்டசோல் இந்தப் புழுவை நன்றாகவே கொல்லும், முட்டையைத்தான் சரியாகக் கொல்லாது. பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து தோல்மேல் முட்டையிட்டுவிட்டுப் போகும். பிள்ளை சொறியும், நகக்கண்ணில் முட்டை ஏறும், விடிந்ததும் விரல் வாய்க்குப் போகும். சில மணி நேரத்திலேயே அந்த முட்டை தொற்றத் தயாராகிவிடுகிறது. பாய், தலையணை உறை, துண்டு என்று ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் உயிரோடு கிடக்கும்.

ஆகவே கீரிப்பூச்சிக்கு ஒரு மாத்திரை என்பது பாதி வைத்தியம். சரியாக இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை போட வேண்டும். முதல் வேளையில் தப்பிய முட்டைகள் அதற்குள் புழுவாகியிருக்கும், ஆனால் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் அடித்தால்தான் சங்கிலி அறும். இரண்டாவது, அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. ஒரே கூரையின் கீழ் தூங்குகிற எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும், மேலே சொன்ன வயது, கர்ப்ப விதிவிலக்கு நீங்கலாக. "எனக்கு ஒண்ணும் அரிக்கலையே" என்று அப்பா நழுவினால், மூன்றாம் வாரம் பிள்ளைக்குத் திரும்ப வருவது அப்பாவிடமிருந்தாக இருக்கலாம்.

மாத்திரை போட்ட மறுநாள் காலையில் பல் துலக்கும் முன்பே உட்காரும் இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, ஜட்டியைத் தினம் மாற்றுவது, படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவைப்பது என எல்லாம் இரண்டாம் வேளை வரை தொடர வேண்டும். போர்வையை வாசலில் நின்று உதறுவது கூடாது. முட்டை பறந்து ஊரெல்லாம் படியும். தரையை விளக்குமாற்றால் கூட்டுவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல். கை சானிடைசர் புழு முட்டையிடம் பலிக்காது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் முட்டையைக் கொல்லாவிட்டாலும் கையிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

சந்தேகமாக இருந்தால் மலப் பரிசோதனையை நம்ப வேண்டாம், கீரிப்பூச்சி முட்டை மலத்தில் அதிகம் தென்படாது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கும் குளிப்பதற்கும் முன்னால், செலோ டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி மெதுவாக அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி லேபில் கொடுக்கலாம். ஒரு நாள் பார்த்து இல்லையென்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை; தொடர்ந்து மூன்று காலை எடுத்தால்தான் நம்பலாம். ராத்திரி தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் புழுவே நெளிவது தெரியும். அதற்கு லேப் செலவும் மிச்சம்.

சிரப்: நல்ல மருந்து, மோசமான பயன்பாடு

மாத்திரை தின்னாத பிள்ளைக்கு 10 மில்லி குட்டிப் பாட்டில் வருகிறது. 5 மில்லியில் 200 மி.கி. அதாவது இரண்டு வயதுக்கு மேல் பாட்டில் முழுவதும் ஒரே வேளை. ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பாதிப் பாட்டில். எல்லா சிரப்பையும் போல "ஒரு ஸ்பூன் இன்னிக்கு, ஒரு ஸ்பூன் நாளைக்கு" என்று பிரித்துக் கொடுப்பதும், நாலு வயதுப் பிள்ளைக்கு 5 மில்லியோடு நிறுத்தி மிச்சத்தைத் தங்கைக்கு என்று ஃபிரிட்ஜில் வைப்பதும் தினம் நடக்கிறது.

இன்னொரு சிக்கல் பாட்டிலின் அடியில் இருக்கிறது. இது கரைசல் இல்லை. மருந்துத் துகள் நீரில் மிதக்கும் கலவை. அலமாரியில் நின்ற பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மேலே தெளிவாகவும் அடியில் வெள்ளை மண்டியாகவும் இருப்பது தெரியும். குலுக்காமல் 5 மில்லி ஊற்றினால் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் இனிப்புத் தண்ணீர். மருந்து பாட்டிலோடு தங்கிவிடும். மண்டி முழுக்கக் கரைந்து கலங்கும் வரை நன்றாகக் குலுக்கி, உடனே ஊற்ற வேண்டும். முழுப் பாட்டில் கொடுப்பதானால் காலிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிடலாம். அளவுக்குச் சமையல் ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் கச்சிதம். ஐந்து வயதைத் தாண்டி மெல்லத் தெரிந்த பிள்ளைக்கு மாத்திரையே போதும். சிரப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

ஆடு மாடு வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கால்நடைக்கான பூச்சி மருந்திலும் இதே ஆல்பெண்டசோல்தான் இருக்கிறது, செறிவும் அளவும் வேறு. "மருந்து ஒண்ணுதானே" என்று அந்தப் பாட்டிலிலிருந்து மனிதருக்கு ஊற்றக்கூடாது, இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது.

பக்கத்து ரேக்கில் இருப்பவை

மெபெண்டசோல் இதன் பங்காளி. உருண்டைப்புழுவில் சமம், சாட்டைப்புழுவில் ஒரு படி மேல், கொக்கிப்புழுவில் ஒற்றை வேளை 500 மி.கி. நூற்றுக்கு 30 சொச்சம் பேரைத்தான் தேற்றும். கொக்கிப்புழு உள்ள ஊரில் ஒற்றை வேளையாக வாங்க இது சரிப்படாது. 100 மி.கி. வீதம் காலை, மாலை மூன்று நாள் போட்டால் பலன் கூடும்; ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. பைரன்டெல் பாமோயேட் புழுவை முடக்கிப்போடும் மருந்து. கிலோவுக்கு 11 மி.கி., அதிகபட்சம் 1 கிராம். குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவது சொற்பம். கீரிப்பூச்சிக்கும் உருண்டைப்புழுவுக்கும் நல்லது, சாட்டைப்புழுவிடம் இதுவும் தோற்கும்.

ஆல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் சேர்த்த 'பிளஸ்' வகைகளைச் சில கடைகளில் தானாகவே எடுத்துக் கொடுக்கிறார்கள். சாட்டைப்புழுவுக்கு இந்தக் கூட்டு உண்மையிலேயே பலமானது. தோல் வழியே நுழைந்து வருடக்கணக்கில் உள்ளேயே பெருகும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கும் ஐவர்மெக்டின்தான் மருந்து. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அந்தப் புழு உயிருக்கே ஆபத்து. ஆனால் சாதாரணக் கீரிப்பூச்சிக்கு 'பிளஸ்' அவசியமே இல்லை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஐவர்மெக்டினை டாக்டர் சொல்லாமல் தரக்கூடாது. "ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்டு வாங்குவதற்கு இது காபி இல்லை.

இனி, பூச்சி மாத்திரை அறவே பலிக்காத இடங்கள். வயிறு உப்புசம், நாற்றமடிக்கும் ஏப்பம், எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும் மலம், வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் பேதி என்றால் அது புழுவாக இல்லாமல் ஜியார்டியா என்ற நுண்ணுயிராக இருக்கலாம். ஒற்றை ஆல்பெண்டசோல் அதைத் தொடாது. ஐந்து நாள் தொடர்ந்தால்தான் அடிக்கும். டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது டினிடசோல் ஒரே வேளை, அல்லது மெட்ரோனிடசோல் ஐந்து முதல் ஏழு நாள், அல்லது நிடசாக்ஸனைடு மூன்று நாள். மெட்ரோனிடசோல் போட்டால் வாயில் இரும்புச் சுவை அடிக்கும், பயப்பட வேண்டாம். மதுவை மட்டும் மாத்திரை முடிந்து மூன்று நாள் வரை தொடக்கூடாது. ரத்தமும் சளியுமாகப் போகிற அமீபா பேதிக்கும் இதே குடும்ப மருந்துதான். ஆனால் அதோடு முடியாது. குடலில் தங்கும் கூடுகளை அழிக்க டைலோக்ஸனைடு ஃப்யூரோயேட் 500 மி.கி. தினம் மூன்று வேளை பத்து நாள் என்று ஒரு இரண்டாம் பாகம் உண்டு. பேதி நின்றதும் அந்தப் பாகத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அமீபா திரும்ப வந்து நிற்கிறது.

நாடாப்புழு தனிக்கதை. மலத்தில் தட்டையாக வெள்ளைத் துண்டுகள் வந்தால், அதுவும் அசைந்தால், அந்தத் துண்டை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிரசிகுவான்டெல் அல்லது நிக்லோசமைடு அதற்கான மருந்து. வலிப்பு வந்தவர், தீராத தலைவலி உள்ளவர் தானாக எந்தப் பூச்சி மாத்திரையும் போடக்கூடாது. மூளைக்குள் பன்றி நாடாப்புழுவின் கட்டி இருந்தால், மருந்து அதைத் தாக்கும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பைக் கிளப்பிவிடும்.

இலவச மாத்திரை

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தருகிற குடற்புழு நீக்க மாத்திரை 2015இல் தேசிய அளவில் தொடங்கிய திட்டம். ஒன்று முதல் 19 வயது வரை. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மார் நீங்கலாகத் தருகிறார்கள். கொக்கிப்புழு குடலைக் கடித்து ரத்தம் குடிக்கிற புழு. ஒரு புழு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை, வகையைப் பொறுத்து. நூறு புழு இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ரத்தசோகையோடு இருக்கிற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

"கவர்ன்மென்ட் மாத்திரை" என்று அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வெளியே வாங்குகிறவர்களுக்கு: இரண்டும் அதே ஆல்பெண்டசோல், அதே 400 மி.கி. ஆசிரியர் கண்ணெதிரே மென்று தின்னவைப்பது இந்தச் சேவையின் பலம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் புத்தகப் பையில் தூளாகிக் கிடக்கும். அன்று காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்குத் தரமாட்டார்கள், விடுபட்டவர்களுக்கு அடுத்த சில நாளில் இன்னொரு நாள் ஒதுக்குவார்கள். மாத்திரை போட்ட அன்று சில பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, குமட்டல், வாந்தி வரும். புழு நிறைய இருக்கிற பிள்ளைக்கு இது கூடுதலாகத் தெரியும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். வயிறு உப்பிக் கல்லாகி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் இருந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது. உருண்டைப்புழுக்கள் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதற்குக் காரணம் மண். ஒரு பெண் உருண்டைப்புழு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை போடுகிறது. அவை மண்ணில் இரண்டு முதல் நாலு வாரம் முதிர்ந்து கீரை, கை, தண்ணீர் வழியாகத் திரும்ப வரும். மாத்திரை வயிற்றைக் காலி செய்யுமே தவிர வேலி போடாது. செருப்பு இல்லாமல் வரப்பில் நடந்தால் கொக்கிப்புழு மறுபடி காலில் ஏறும். இந்தத் திட்டத்தில் ஒரு குறை சொல்வதென்றால், கீரிப்பூச்சிக்கு வேண்டிய இரண்டு வார மறுவேளை இதில் இல்லை. அந்தத் தொல்லை உள்ள வீடு இரண்டாவது மாத்திரையைச் சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

பல்லை நறநறவென்று கடிப்பது, கன்னத்தில் வெளிறிய தேமல், இனிப்பு கேட்டு அடம் பிடிப்பது ஆகியவற்றை வைத்துப் பூச்சி என்று முடிவுகட்டி மாதாமாதம் மாத்திரை வாங்குவதில் பொருளில்லை. மூன்றுக்கும் வேறு காரணங்கள் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால், அகல வாய் டப்பாவில் சிறுநீர் கலக்காத புது மலம், ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி. நீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்தால்தான் உயிரோடு நகரும் அமீபா கண்ணில் படும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இரண்டு மூன்று வாரம் கழித்துச் செய்யலாம், மறுநாளே ஓடக்கூடாது.

மதிப்பெண் கேட்டால்: உருண்டைப்புழுவுக்கு ஐந்துக்கு ஐந்து, கொக்கிப்புழுவுக்கு நாலு, இரண்டு வேளையாகப் போட்டால் கீரிப்பூச்சிக்கு நாலரை, ஒற்றை வேளையில் சாட்டைப்புழுவுக்கு ஒன்றரை. வீட்டில் நாலு பேர், கீரிப்பூச்சித் தொல்லை என்றால் கடையில் எட்டு மாத்திரையாகவே வாங்கிவிடுங்கள். நாலை இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மென்றுவிட்டு, தினசரி காலண்டரில் பதினாலு தாளைத் தள்ளி, அடுத்த தாளில் மிச்ச நாலின் அட்டையை ஸ்டேப்ளர் போட்டு வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் காலண்டர் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.